களஆய்வு: ஆம்

"பதினேழு!" என்று பியூன் கத்தியதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் டோக்கன் முப்பத்தொன்று. அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "நம்பள்து வர நேரம் கீதுடி, குந்து" என்கிறாள். குந்துகிறேன். பட்டா மாற்றலுக்கு வந்த யாரோ ஒரு கண்ணாடிக்காரர் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறார். அவர்தான் பதினேழு, சரி, அவரே இருக்கட்டும். தாலுகா ஆபீசின் இந்த நீளத் தாழ்வாரத்தில் பதினேழு என்பது யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அப்படி இல்லை. கம்பெனியில் எனக்குப் பெயர் கிடையாது, யூசர் பதினேழு. மூன்று வருடமாகத் தினமும் காலையில் அந்த எண்ணைத் தட்டித்தான் உள்ளே நுழைகிறேன், யாராவது "வேதவல்லி" என்று கூப்பிட்டால்கூட ஒரு நொடி கழித்துத்தான் திரும்புகிறேன். மணி இரண்டரை. ஐந்து மணியோடு ஆட்சேபணை மனு வாங்குவது முடிகிறது. அதற்கப்புறம் எங்கள் கல்லேரித் தெருவின் சுடுகாடு, புதைக்கிற இடம்தான் ஆனாலும் சுடுகாடு என்றுதான் சொல்வோம், அரசாங்கக் கணக்கில் காலி இடமாகவே நின்றுபோய் லாரி நிறுத்துமிடம் ஆகிவிடும். அப்பா அங்கேதான் இருக்கிறார். இருக்கிறார் என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை.

அம்மா பக்கத்திலிருக்கும் பச்சைப் புடவைக்காரியிடம் பேச்சுக் கொடுத்துவிட்டாள். எங்கே போனாலும் பத்து நிமிடத்தில் ஒரு சிநேகிதி. "எம் பொண்ணுதான் இது. கம்ப்யூட்டர்ல வேல. உலகத்தையே உருண்டையா வச்சிப் பாக்குற வேல. அமெரிக்காவும் தெரியும், நம்ப வூட்டு மாடியும் தெரியும்." அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அதான் கண்ணாடி போட்டுக்கீதா" என்கிறாள். சிரிக்கிறேன். சிரிக்க முடிகிறது பாருங்கள், அதுதான் எனக்கே பிடிக்கவில்லை. அம்மா, போதும்மா, இன்றைக்காவது அந்தப் பெருமையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கக்கூடாதா? "அப்ப இவளே பாத்து சொல்லலாமே, சுடுகாடு அங்க கீதுன்னு" என்று பச்சைப் புடவை கேட்கிறாள். கேட்கத்தானே செய்வாள். தெருவில் எல்லோரும் ஒரு வாரமாக அதைத்தான் கேட்கிறார்கள். அம்மா என் பக்கம் திரும்புகிறாள். நான் போனை எடுத்து எதையோ தேடுவதுபோல் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். திரையில் ஒன்றுமே இல்லை, என் முகம்தான் தெரிகிறது.

காலையில் தணிகா கேட்டான். தணிகாசலம், என் தம்பி, இப்போது அப்பாவின் இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வெளியே போயிருக்கிறான். பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டியிருந்த காலி இடங்களின் பட்டியலைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தான், அதைப் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினான். வரிசை எண், பரப்பு, வகை காலி, ஆக்கிரமிப்பு இல்லை, களஆய்வு ஆம், கடைசிக் கட்டத்தில் தலைப்பு எதுவும் இல்லாமல் வெறும் ஒரு எண். "இந்தப் பதினேழுன்னா இன்னாக்கா? உனக்குத் தெரியுமே." நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். "தெரியல" என்றேன். உடனே சொன்னேன், யோசிக்கவேயில்லை, யாரோ எனக்குள்ளே அந்த வார்த்தையைத் தயாராக வைத்திருந்ததுபோல் வந்து விழுந்தது. அவன் நம்பிவிட்டான். அக்கா சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படி, புளியங்கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று சொன்னதற்கு இரண்டு நாள் அழுதவன். போன வாரம் இங்கே வந்து கேட்டபோது துணை தாசில்தார் அவனிடம் சொன்னாராம்: "தம்பி, நேர்ல போயி பாத்தாச்சுன்னு ஆம் போட்டிருக்காங்க. இல்லைன்னு இருந்தா நானே ஆளனுப்பிப் பாக்கச் சொல்வேன். ஆம்னு இருக்கிறத நான் எப்படி மாத்துறது?" அதை அவன் வீட்டுக்கு வந்து அப்படியே சொல்லிக் காட்டினான். "எவனோ ஒரு சோம்பேறி சீட்ட விட்டு எழுந்திருக்காம போட்டுக்கீறான்க்கா. அவன் கையில கெடச்சான்னா..." கிடைத்தால் என்ன செய்வான் என்று சொல்லவில்லை. அன்று இரவுச் சோற்றை அவனுக்குப் பிசைந்துகூடக் கொடுத்தேன், நான்தான் அந்தச் சோம்பேறி.

ஆம். ரெண்டே எழுத்து. ஆரம்பத்தில் களஆய்வு என்ற கட்டத்தில் "இல்லை" என்றுதான் போட்டுக்கொண்டிருந்தோம், உண்மையும் அதுதானே, ஏசி அறையில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பார்த்து அரசாங்கத்துக்குக் கோடு இழுத்துக் கொடுப்பவர்கள் எந்தக் களத்துக்குப் போனோம்? "இல்லை" போட்டால் அந்த வரி சிவப்பாகித் திரும்பி நம்மிடமே வரும். ஒரு நாளைக்கு முன்னூறு இடம் முடிக்க வேண்டும், திரும்பி வந்தது கணக்கில் சேராது. ஜெரால்டு சார்தான், எங்கள் சூப்பர்வைசர், ஒரு நாள் எல்லோர் முதுகுக்குப் பின்னாலும் நடந்துகொண்டே சொன்னார்: "ஆம் போடுங்கம்மா, பின்னாடி ஆளுங்க போய்ப் பாத்துக்குவாங்க." எந்த ஆளுங்க, எப்போது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது ஜெரால்டு சார்மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று மனசு எட்டி எட்டிப் பார்க்கிறது. அவர் சொன்னார் என்பது நிஜம். ஆனால் மவுஸ் என் கையில் இருந்தது. பின்னாடி யாரும் போக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். "இருபது" என்கிறார் பியூன். இன்னும் பதினோரு பேர்.

முதல் நாள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். கறுப்பு ஆகாசத்தில் நீலமாக ஒரு உருண்டை, கையை வைத்துத் தள்ளினால் சுற்றுகிறது, மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கடல் ஒதுங்கி, இந்தியா வந்து, தமிழ்நாடு வந்து, ஏரிகள் கண்ணாடித் துண்டுகளாய்ச் சிதறி, ரோடு வந்து, மரம் வந்து, தடால் என்று ஒரு மொட்டை மாடியில் போய் நிற்கும். "எல்லாரும் மொதல்ல அவங்கவங்க வீட்டத்தான் பாப்பாங்க, பாத்துக்குங்க, அஞ்சு நிமிஷம்" என்று ஜெரால்டு சாரே அனுமதி கொடுத்தார். பார்த்தேன். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, அதில் சிவப்பாக ஒரு கோடு, அம்மா புடவை. அப்புறம் தெரு முனை, பிள்ளையார் கோயில், ரேஷன் கடைத் தகரம், மதகு. கால்வாய்க்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன மதகு. அங்கே என் கை நின்றுவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு விரல்கடை தள்ளியிருந்தால் அந்தப் பக்கத்துச் சுடுகாடு வந்திருக்கும். திரையில் மதகு தாண்டுவதற்குக் குளிக்கக்கூட வேண்டியதில்லை. ஆனாலும் நின்றுவிட்டது, திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அமெரிக்கா வரைக்கும் போன கை. அன்றைக்கு அதை ஒரு மரியாதை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மரியாதையாம். மரியாதைக்காரி பார்த்ததெல்லாம் என்னென்ன? என்னைப் பெண் பார்த்துவிட்டு "பொண்ணு கொஞ்சம் உயரம்" என்று சொல்லி அனுப்பிய ஆரணிக்காரன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அளவுகோலை எடுத்து வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் அளந்து, இவ்வளவுதானா என்று திருப்திப்பட்டவள் நான். எதிர்வீட்டு மல்லிகேசு அக்கா மாடியில் கூரையில்லாமல் கட்டிய குளியலறையை மேலிருந்து பார்த்துவிட்டு அவளிடம் போய்ச் சொன்னவளும் நான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தப் படம் எப்போதோ எடுத்தது, அதில் ஆளே இல்லை என்று எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேளாமல், அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே குளிக்கிறாள் பாவம், மழைக்காலத்தில்கூட ஒரு பழைய குடையைக் கட்டி வைத்திருக்கிறாள். நல்லதும் செய்திருக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. வெள்ளத்தின்போது எந்தத் தெருவுக்குள் படகு போகும், எந்த மாடியில் ஆள் ஏற்றலாம் என்று இதே படத்தை வைத்து ராவும் பகலும் குறித்துக் கொடுத்தோம், ஒரு வாரம் நான் பெரிய மனுஷி மாதிரி நடந்தேன். அந்தப் பெருமையை இப்போது இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்க்கிறேன். பற்றவில்லை.

தினமும் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பழைய படங்களுக்குப் போகிற பட்டை ஒன்று இருக்கிறது, அதை இடது பக்கம் இழுத்தால் வருடம் பின்னால் போகும். எட்டு வருடம் பின்னால் போனால் எங்கள் தெரு முனையில் ஒரு தண்ணீர் லாரி நிற்கும். அப்பாவின் லாரி. மேலிருந்து பார்க்கும்போது ஒரு நீலக் கட்டி, அவ்வளவுதான், ஆனால் எனக்குத் தெரியும், பின்பக்கம் ஒரு நெளிசல் இருக்கிறதே, கல்யாண மண்டபத்துச் சுவரில் இடித்தது. அந்த நீலம் நிற்கிறது என்றால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். காலை டிரிப்பெல்லாம் முடித்துவிட்டு வந்து, பனியனோடு தரையில் படுத்திருப்பார், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டு மாடியின் சாம்பல் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நான் சோறு தின்பேன். அதற்குக் கீழே எத்திராஜ் என்று ஒருவர் உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்பிவிடக்கூடாது. மூன்று வருடம் இப்படித் தினமும் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உயிரோடு இருந்த இடத்தில். இப்போது இருக்கிற இடம் அதிலிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்காது.

அப்பா போன அன்றைக்கு வெயில் அடித்த அடி. பாடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஆண்கள், பின்னால் நாங்கள், மதகு வந்ததும் இறக்கி வைத்து, தலைப்பக்கம் கால்பக்கம் மாற்றித் திருப்பினார்கள். அதோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அம்மா நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை, மதகின் மேல் ஒரு காலை வைத்துவிட்டேன். பெரியப்பா திரும்பி, கோபமாகக்கூட இல்லை, பஸ்ஸில் இடமில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்: "இதுக்கு மேல பொம்பளைங்க வரக்கூடாது, வேதா. திரும்பிப் பாக்காம வூட்டுக்குப் போய் தலை முழுவு." எனக்கு இருபத்தோரு வயசு, டிகிரி படித்தவள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் காலை எடுத்துவிட்டேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். அம்மாவுக்குச் செருப்பில்லை, தார் ரோட்டில் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். தணிகாவுக்குப் பதினாறு வயசு, மொட்டையடித்த தலையோடு வந்து நின்றான். எங்கே என்று கேட்டேன். "அங்கதான்க்கா, உள்ள" என்றான். அதற்கு மேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை, நாலு மழையில் மேடும் கரைந்துவிடும். தெரிந்தவனுக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் அவன்தான் போய்ப் புல் செதுக்கிவிட்டு வருவான், முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு வாசலில் நிற்பான், அம்மா தண்ணீர் ஊற்றி உள்ளே விடுவாள். நாங்கள் இரண்டு பேரும் வேறெதுவும் கேட்டதில்லை. அதெல்லாம் மதகுக்கு அந்தப் பக்கத்துச் சமாசாரம்.

"இருபத்தாறு." இப்போது வேகமாகப் போகிறது. ஏன் இவ்வளவு வேகம்? போன பிப்ரவரி, மத்தியானம் மூன்றரை இருக்கும், அன்றைக்கு இருநூற்றுப் பத்துதான் முடித்திருந்தேன். ஊரைக் கட்டம் கட்டமாக வெட்டித்தான் தருவார்கள். என் கட்டத்தில் எங்கள் தெரு இல்லை, தெரு பக்கத்துக் கட்டம், அது வேறு யாருக்கோ. கால்வாய்தான் எல்லை. படம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று அதில் வரும் ஊர்ப் பெயர்களையெல்லாம் அணைத்து வைத்திருந்தேன், எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பைபாஸ் ரோட்டுப் பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்தேன், அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊரை நான் பார்த்ததே கிடையாது. ஒரு பழுப்பு நிலம். நாலைந்து பனை. கட்டடம் இல்லை, பயிர் இல்லை, தண்ணீர் இல்லை. அங்கங்கே வெளிறின திட்டுகள், ஒன்று மட்டும் நல்ல சிவப்பு. என்ன அது என்று ஒரு நிமிடம், ஒரு நிமிடம்தான், யோசித்தேன். அளவுகோலை எடுத்து அந்தச் சிவப்பை அளந்தேன். இரண்டு மீட்டர் பத்து. கட்டில் நீளம் என்றுகூடத் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது, ஆனால் பக்கத்து சீட் ஹேமலதா "டீ வந்திடுச்சு" என்றாள். குப்பைக் குழி என்று நினைத்துக்கொண்டு சுற்றிக் கோடு இழுத்தேன், ஆறு சொடுக்கு, மூடினேன். வகை காலி. ஆக்கிரமிப்பு இல்லை. களஆய்வு ஆம். டீ நன்றாகத்தான் இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

பட்டியல் ஒட்டின மறுநாளே காலையில் சீக்கிரம் போய் அந்தக் கட்டத்தைத் திறந்தேன். யாருக்கும் தெரியாமல் "ஆம்" என்பதை "இல்லை" ஆக்கிவிடலாம், சிவப்பாகித் திரும்பி வரட்டும், ஆள் போகட்டும், பதினேழைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். பூட்டியிருந்தது. ஒப்படைத்த வேலை பூட்டிவிடும் என்பது மறந்துபோய்விட்டது. ஜெரால்டு சாரிடம், தெரிந்தவர்கள் யாரோ கேட்டார்கள் என்பதுபோல் இழுத்து இழுத்துக் கேட்டேன். "ஒரு இடத்துல தப்புன்னு நாமளே சொன்னா மிச்சம் இருக்கிறதெல்லாம் யாரு நம்புவாங்க வேதா? அந்த மாதிரி சொன்னவங்க சீட்டு மறுநாள் காலியா இருக்கும். கேட்டவங்ககிட்ட தெரியாதுன்னு சொல்லிடு." தெரியாது என்று சொல்ல எனக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. வேலை போய்விடும், அது பயம்தான். ஆனால் ராத்திரியெல்லாம் புரண்டது அதற்காக இல்லை. தெருவில் தெரிந்துவிடுமே. அதைவிட அம்மா இந்தப் பச்சைப் புடவைகளிடமெல்லாம் இனி என்ன சொல்லுவாள்? இதை எழுதியவள் என் மகள் என்று சொல்ல முடியுமா? இப்போதே எழுந்து, பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அப்படியே பஸ் ஏறிவிடலாம். அம்மாவும் தணிகாவும் உள்ளே போவார்கள், இறப்புச் சான்றிதழைக் காட்டுவார்கள், அதில் எங்கே இறந்தார் என்றுதான் இருக்கும், எங்கே புதைத்தார்கள் என்று இருக்காது, முடியாது என்று அனுப்பிவிடுவார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து வீட்டில் அழலாம். யாருக்கும் தெரியாது. அழுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருக்காது என்பதுதான் இப்போது திகிலாக இருக்கிறது.

தணிகா ஜெராக்ஸோடு வந்துவிட்டான். வேர்த்து ஊற்றுகிறது. எனக்கு ஒரு மோர் பாக்கெட், அம்மாவுக்கு ஒன்று. "உனக்கு?" என்றால், "நான் கடையிலயே குடிச்சிட்டேன்க்கா" என்கிறான். குடித்திருக்க மாட்டான். அம்மா மோர் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "ஏண்டா, உள்ள கம்ப்யூட்டர்ல காட்டுவாங்களா அந்த எடத்த?" என்று கேட்கிறாள். "காட்டுவாங்கம்மா." "நானும் பாக்கலாமா?" "படத்துலதான, பாரு, அதுக்கின்னா." அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிறாள். யாரையோ பார்க்கப் போகிறவள் மாதிரி. "முப்பத்தொன்று!" என்கிறார் பியூன். கால் மரத்துவிட்டது என்று ஒரு சாக்கு வருகிறது. நிஜமாகவே மரத்துத்தான் இருக்கிறது.

துணை தாசில்தார் நல்ல மனிதர்தான், அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். மேலே ஃபேன் தடதடவென்று ஓட, மேசையில் ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஏதாவது ஒரு பாரம் இருந்தது. தணிகா மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னான், பாதியில் மறந்துபோய் மறுபடி ஆரம்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "நீங்களே பாருங்க. ஒரு சமாதி இல்ல, ஒரு சுவர் இல்ல. நான் என்ன செய்யட்டும்?" நான் இழுத்த கோடு மஞ்சளாக மின்னியது. ஆறு முனை, ஒரு முனை கோணல், டீக்கு ஓடிய அவசரம். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து மேசைமேல் குனிந்தாள். மதகு படத்தில் கீழ் ஓரத்தில் இருந்தது, அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள், விரலை அதன்மேல் வைத்தாள். அப்புறம் ரொம்ப மெதுவாக விரலை மேலே நகர்த்தினாள். தாண்டிவிட்டாள். "இதுல அவரு எங்கடா?" என்றாள். தணிகா காட்டினான். "அந்தப் பனைக்குப் பக்கத்துல. செவப்பாத் தெரியுது பாரு, அதான். மழையில கரையுதுன்னு வருசா வருசம் ஏரிக்கரைலருந்து செம்மண்ணு அள்ளினு போயி நான்தான் கொட்டுறேன்." "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுங்க சார்" என்றாள் அம்மா. அவர் சக்கரத்தை உருட்டினார். சிவப்பு பெரிதாகி, கலங்கி, சதுரம் சதுரமாக உடைந்தது. "இதுக்கு மேல போவாதும்மா" என்றார்.

இரண்டு மீட்டர் பத்து. அப்பா நல்ல உயரம். நானும் அவர் மாதிரிதான், ஆரணிக்காரனுக்குப் பிடிக்காமல் போனது அந்த உயரம்தான். அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் அளந்துவிட்டுக் குப்பைக் குழி என்று நினைத்து மூடியிருக்கிறேன். "நான் அளந்தேன்மா" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சார், அந்தக் கடைசிக் கட்டத்துல இருக்கிற பதினேழு நான்தான். கோடு போட்டது நான். களஆய்வு ஆம்னு போட்டதும் நான். நான் போகல சார். யாருமே போகல."

தணிகா என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்த்திருந்தேன், கோபத்துக்குத் தயாராக இருந்தேன், ஆனால் அவன் முகத்தில் கோபம் இல்லை, புளியங்கொட்டைக் கதை பொய் என்று தெரிந்த அன்றைக்கு இருந்த முகம் இருந்தது. "காலைல கேட்டனேக்கா" என்றான், அவ்வளவுதான். அம்மா விரலைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "அவ போயிருக்கவே மாட்டா சார். எங்கள்துல பொம்பளைங்க மதகு தாண்ட மாட்டோம். எந்தத் தெருவுல வேணா கேட்டுப் பாருங்க. கட்டினவளே நான், நானே ஆறு வருசத்துல இன்னிக்கிதான் அவர் இருக்கிற எடத்தப் பாக்குறேன். இவ போயி பாத்தேன்னு எழுதினா அது பொய்யி." எனக்குப் பரிந்து பேசினாளா, என்னைக் காட்டிக்கொடுத்தாளா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத எழுத்துல குடுப்பீங்களாம்மா? உங்க வேலைக்குத்தான் பிரச்சினை. நல்லா யோசிச்சுக்குங்க." யோசித்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். வெள்ளைத்தாள் கேட்டேன். ஆளனுப்புவதாகவும் நாளைக் காலை பத்து மணிக்கு அந்த இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். "இருப்பா" என்றாள் அம்மா. அப்புறம், "நானும் வருவேன்" என்றாள். தணிகா ஏதோ சொல்ல வாயெடுத்தான், பெரியப்பா என்று ஆரம்பித்தான், அவள் அவனைத் திரும்பிப் பார்த்ததும் விட்டுவிட்டான். நான் மேசை ஓரத்தில் குனிந்து அனுப்புநர் என்று எழுதினேன். எ. வேதவல்லி. அடுத்த வரி த/பெ. எத்திராஜ். எத்திராஜ் கோணலாகிவிட்டது, வேறு தாள் கேட்கலாமா என்று பார்த்தேன், அதையே வைத்துக்கொண்டேன். ஃபேன் காற்றில் தாள் எழும்பி எழும்பி அடித்தது. தணிகா என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு விரலால் அதன் முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் எழுதினேன்: மேற்படி இடத்துக்கு நான் நேரில் சென்றதில்லை.